வெள்ளையாக இருந்தால் போதுமா?

அம்மா தினமும் போடும் பிரஷர் மாத்திரை லோசார்டான். அதன் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் நேரடியாக இணைந்திருக்கும். மெர்க் நிறுவனம் வகுத்த தயாரிப்பு முறையில் அந்தப் பிணைப்பைப் போட்டுக்கொடுப்பது பல்லேடியம் என்ற உலோகம்தான். 1979-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் சுசூகியும் மியௌராவும் வெளியிட்ட வினை அது. சுசூகிக்கு 2010-இல் ஹெக், நெகிஷி இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

புதுச்சேரி காலாப்பட்டில் எங்கள் லேபில் நான் அதிகம் செய்வதும் இதே வினைதான். ஒரு வளையத்தில் புரோமின், இன்னொன்றில் போரானிக் அமிலம். பல்லேடியம் முதலில் கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவே நுழைகிறது. அப்புறம் போரானிடமிருந்து அடுத்த வளையத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த ஜோடிக்குத் தயாராகிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

நாங்கள் போடும் பல்லேடியம் சேர்மமான டெட்ராகிஸ், நல்ல நிலையில் பளிச்சென்ற மஞ்சள் தூள். காற்றுப்பட்டால் நிறம் மங்கிப் பழுப்பேறிவிடும். கடற்கரை ஊர் என்பதால் ஈரப்பதம் வேறு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் திறக்க வேண்டும். வினை முடிந்ததா என்று பார்க்கும் டி.எல்.சி. பிளேட்டுகூட இங்கே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதையும் சூடேற்றும் அடுப்பில் (oven) சூடாக்கித்தான் எடுக்கிறோம்.

சரி, பிணைப்பு போட்டாயிற்று. உள்ளே போன பல்லேடியத்தை எப்படி வெளியே எடுப்பது?

"அக்கா, என்.எம்.ஆர். கிளீனா இருக்கு, பொருளும் வெள்ளையா இருக்கு, டெஸ்டிங்குக்கு அனுப்பிடலாமா?" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். என்.எம்.ஆர். என்பது மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை. செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடிகட்டினால் கறுப்புத் துகள் நின்றுவிடும். கரைந்த பல்லேடியம் கூடவே இறங்கிவிடும். சிலிக்கா நிரப்பிய குழாயில் இறக்கிப் பிரிக்கும் காலம் (column) போட்ட பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாதாரண புரோட்டான் என்.எம்.ஆரில் அது தெரியாது. உலோகத்தை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். பார்த்தால்தான் தெரியும்.

மருந்தில் இதற்கு சர்வதேச வரம்பு இருக்கிறது. வாய்வழி மருந்தென்றால் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், ஊசி மருந்தென்றால் 10 மைக்ரோகிராம். கடலூர் சிப்காட் பக்கம் மருந்து வேதியியல் வேலைக்குப் போகப்போகிறவர்கள் இதைப் படிக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்கும் இது முக்கியம். புது மூலக்கூறு ஒரு நொதியைத் தடுப்பதாக ரிசல்ட் வந்து, தடுத்தது அதில் ஒட்டியிருந்த உலோகம் என்றால், அதன்மேல் செய்த அடுத்தடுத்த வேலையெல்லாம் வீண்.

அதனால் நான் தயோல் என்ற கந்தகத் தொகுதி பொருத்திய சிலிக்காவை விளைபொருளின் கரைசலில் போட்டுக் கலக்கவிடுகிறேன். கந்தகத்துக்கும் பல்லேடியத்துக்கும் பிடிப்பு அதிகம். நேரம் ஆக ஆகக் கரைசலின் பழுப்பு வெளிறி, வெள்ளைச் சிலிக்கா பழுப்பாகிறது. நிறம் போனதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது, சாம்பிளை அனுப்பி அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

நம் தீசிஸ்களில் 'ஈல்டு 92%' என்று விளைச்சலை தடித்த எழுத்தில் போடுகிறோம். அதற்குப் பக்கத்திலேயே மீதமிருக்கும் பல்லேடியம் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். என் அட்டவணையில் சேர்த்துவிட்டேன். மருந்தாகும் வாய்ப்புள்ள மூலக்கூறு என்று முன்னுரையில் எழுதுகிற எல்லோரும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.