பூட்டியாயிற்றா அப்பா?

ஒன்பது வயதில் வாசல் தாழ்ப்பாளை எண்ணத் தொடங்கினேன். நான்கு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எண்ணிக்கை தவறினால் அன்றிரவு அப்பா செத்துப்போவார். யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு கை கழுவுதல் சேர்ந்துகொண்டது. விரல் இடுக்குகள் வெடித்து, ரசம் சாதம் பிசைந்தால் காந்தும். பாட்டியோ, "எங்கள் பேத்தி அவ்வளவு சுத்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. பள்ளியில் கல்லெறிந்திருந்தால் சீக்கிரமே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். ஒருமுறை மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

25 வயதில், வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிப் பூட்டைப் பார்க்க ஓடினேன், ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாக. மறுநாள் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கினேன். "எண்ணாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றுமா?" என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். பதினாறு ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லாதது. அழுதுவிட்டேன். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 40-க்கு 29 வாங்கினேன். ஓ.சி.டி., அதாவது வேண்டாத பயமும் அதைத் தணிக்கச் செய்கிற செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய். கடுமையான நிலை.

ஃப்ளுவாக்ஸெடின் என்ற மாத்திரை 20 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல 60 வரை போனது. முதலில் வந்தது குமட்டல்தான்; பலன் தெரியப் பத்து வாரம் ஆயிற்று.

மாத்திரையைவிடக் கடினம் ஈ.ஆர்.பி. என்ற பயிற்சி. பயப்படுவதைத் தொட வேண்டும். தொட்டபின் வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கூடாது. முதல் நாள் கழிப்பறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. உளவியலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்பார். 80, 85, 85. நாற்பதாவது நிமிடத்தில் 40. கழுவாமலே இறங்கியது!

அப்பாவுக்கும் பயிற்சி இருந்தது. தினமும் இரவு, "பூட்டியாயிற்றா அப்பா?" என்று பத்துத் தடவையாவது கேட்பேன். "பூட்டிவிட்டேன் தாயி" என்று ஒருநாளும் சலிக்காமல் சொல்வார். அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி, இனிச் சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். முதல் வாரம் நான் கேட்கக் கேட்க, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். மேலே இருமுகிற சத்தம் கேட்கும்.

இப்போது மதிப்பெண் 11. மாத்திரை தொடர்கிறது. போன மாதம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது எண்ணிக்கை திரும்பி வந்தது. எதிரே இருந்த கதவை நான்கு நான்காக இரண்டு சுற்று எண்ணினேன். மூன்றாவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்தேன்.