முப்பந்தல் 2190: பின்பால் பலகை, படம் வரையும் முன்

நாங்கள் செய்துவரும் பின்பால் எந்திரத்தில், சாய்ந்த பலகையில் உருண்டு வரும் குண்டைக் கீழேயுள்ள இரண்டு மட்டைகளால் அடித்து மேலே உள்ள இலக்குகளில் பட வைக்க வேண்டும். பலகையின் சாய்வு 6.5 டிகிரி. 42 அங்குல நீளப் பலகையின் மேல்முனை கீழ்முனையைவிட 12 செ.மீ. உயர்ந்திருந்தால் கணக்குச் சரி. ரசமட்டமும் டேப்பும் போதும். இந்தச் சாய்வில் தடையில்லாமல் விட்ட குண்டு மேலிருந்து கீழே வர ஏறத்தாழ 1.6 வினாடி ஆகும். ஆடுபவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான் என்பதால் மற்ற எதற்கும் முன்பு இதைச் சரிசெய்தோம்.

கதை இது. 2190-இல் முப்பந்தல் காற்றாலைக் காத்தாடிகள் விண்கலங்களுக்கு மின்சாரம் ஊட்டுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேலே ஒரு கருந்துளை வாய் திறக்கிறது. அதை மூட வேண்டும். படம் ஒரு கோடுகூட இன்னும் வரையவில்லை. குண்டு போகும் வழிகள் உறுதியான பிறகுதான் படம். முதலிலேயே ஒட்டிவிட்டால், தவறான இடத்தில் நிற்கும் இலக்கை நகர்த்த மனம் வராது.

பலகை 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் ப்ளைவுட், அகலம் 20¼ அங்குலம். பெட்டிக்கு ஆயினி மரம். குண்டு 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட பேரிங் குண்டு.

அதிக நாள் பிடித்தது ஃபிளிப்பர் காயில், அதாவது மட்டையை எழுப்பும் மின்காந்தச் சுருள். 18 மி.மீ. வெளிவிட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பாபினில் 24 கேஜ் எனாமல் கம்பி, பத்து அடுக்காக 800 சுற்று. 60 மீட்டர் கம்பி, 130 கிராம் அளவுக்கு வரும். மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்கே கிடைக்கும். மின்தடை 4.2 ஓம். 48 வோல்ட்டில் 11.4 ஆம்பியர், அதாவது 550 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அடிப்பதற்கு இந்த வேகம் வேண்டும். ஆனால் பட்டனை அழுத்தியபடி மட்டையில் குண்டைத் தாங்கி நிற்கும்போதும் இதே மின்சாரம் ஓடினால், எனாமல் கருகிச் சுற்றுகள் ஷார்ட் ஆகிவிடும். பழைய எந்திரங்களில் ஒரே காயிலில் அடிக்க ஒரு சுற்று, பிடிக்க மெல்லிய கம்பியில் இன்னொரு சுற்று என்று இருக்கும்; மட்டை உச்சிக்குப் போனதும் ஒரு சுவிட்ச் திறந்து முதல் சுற்றைத் துண்டிக்கும். இங்கே ஒரே சுற்றுதான். ஆகவே 35 மில்லிவினாடி முழு மின்சாரம், பிறகு பத்து சதவீதத் துடிப்பு, அதாவது வேகமாக விட்டுவிட்டுப் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்சாரம். சராசரி 1.1 ஆம்பியர், காயிலில் எழும் வெப்பம் ஐந்தரை வாட்.

துடிப்பு முறைக்கு மாறியதும் மின்சாரத்தை நிறுத்தும்போது காயிலில் எழும் வீச்சை அடக்க அதன் குறுக்கே போட்ட 1என்4007 டயோடு சூடேறியது. அது மெதுவான டயோடு. பட்ட குண்டை ஒருமுறை உதைத்து நிறுத்தும் பம்பருக்குப் போதும், வேகத் துடிப்புக்கு ஆகாது. வேகமான எம்.யூ.ஆர். 420 டயோடு போட்டபின் சரியானது. காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஐ.ஆர்.எல். 540 என். கட்டளை வாங்கும் காலான அதன் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். கன்ட்ரோலர் ரீசெட் ஆகும் கணத்தில் அதன் கால்கள் எதையும் பிடித்திருக்காது. கேட் மிதந்தால் மட்டை தானாக எழுந்து அப்படியே நிற்கும். ஒவ்வொரு காயிலுக்கும் தனியாக 3 ஆம்பியர் டைம் டிலே ஃபியூஸ் போட்டது இதற்காகத்தான்.

குண்டு நுழையும் வாசல்களுக்கு இடம் குறிக்க, பலகையின் மேற்பாதியில் குறுக்காக அட்டை நிறுத்தி, கார்பன் பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு மட்டையாலும் இருபது முறை அடித்தோம். நுனியில் பட்ட குண்டு எதிர்ப்பக்கம் போகும், ஏனென்றால் மட்டை தாழ்ந்திருக்கும்போதே அது பிரிந்துவிடுகிறது. அச்சுக்கு அருகே பட்டது நேராகவோ தன் பக்கமாகவோ போகும். கறை எங்கே குவிகிறதோ அங்கே வாசல். 45 மி.மீ. அகலத்தில் ஓரத்தில் இடித்துத் திரும்பியதே அதிகம். 55 ஆக்கியதும் ஆட்டம் ஓட ஆரம்பித்தது.

இடதுபுறம் மூன்று, வலதுபுறம் மூன்று என ஆறு இலக்குகள்: மு, ப், ப, ந், த, ல். ஆறின் விளக்குகளும் எரிந்தால் நடுவிலுள்ள கருந்துளைக் குழி திறக்கும். 1995-இல் வந்த அட்டாக் ஃப்ரம் மார்ஸ் பின்பால் எந்திரத்திலும் பறக்கும் தட்டு நடுவில்தான், முன்னால் மூன்று இலக்குகள். நடு இலக்கு சுவாரஸ்யமானது, ஆபத்தானதும்கூட: பட்ட குண்டு நேராக இரு மட்டைகளுக்கிடையே திரும்பி வரும். அதனால் எங்கள் குழியை மூடும் மறைப்பை 8 டிகிரி திருப்பி வைத்தோம். குழியில் இரண்டு குண்டுகள் பிடிபட்டு மூன்றாவதும் விழுந்தால் ‘முக்கடல்’: மூன்றும் ஒன்றாக வெளியே வரும், முதல் 12 வினாடிக்குள் இழந்த குண்டு திரும்பக் கிடைக்கும்.

இடது வழியில் காத்தாடித் தகடு சுழலும். ஒரு சுற்றுக்கு 100 புள்ளி, ‘ஆடிக்காற்று’ என்ற சிறப்புக் கட்டம் ஓடும் 20 வினாடியில் 1000. அச்சுக்கு சைக்கிள் ஸ்போக். தகட்டின் கீழ்ப்பாதி கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் படுத்த நிலையில் நின்று அடுத்த குண்டைத் தடுக்கும்.

குழியைச் சுற்றிக் குண்டை இழுக்க வைத்த மின்காந்தம் புதுச் சிக்கல் தந்தது. நாளடைவில் குண்டுகளே காந்தமாகிச் சேகரிப்புத் தடத்தில் ஒன்றோடொன்று ஒட்டின, எண்ணிக்கை தப்பியது. 304 ஸ்டெயின்லெஸ் குண்டைக் காந்தம் இழுக்காது என்பதால் அது மாற்றாகாது. ஒட்டத் தொடங்கும் குண்டுகளை எடுத்துவிட்டுப் புதியவை போடுவதே வழி.

குளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் துடைக்காத குண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும்; துருப்பிடித்தது பலகையை அரம்போலத் தேய்க்கும். ஆடி முடித்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து டப்பாவில் வைக்கிறோம். 5 வோல்ட் ஓடும் தகட்டுச் சுவிட்சுகளின் முனையில் தங்கப் பூச்சு இருந்தால் அரம் போடவே கூடாது, தடித்த காகிதத்தை இடையில் விட்டு இழுத்தால் போதும். ஈரம் நேரே படும் இடங்களில் இன்ஃப்ராரெட் சென்சாருக்கு மாறிவிட்டோம்.

குண்டு ஏறிப் போகும் சாய்தளமான ஏற்றம் 2 மி.மீ. பாலிகார்பனேட், சூடாக்கி வளைத்தது. அக்ரிலிக் இரண்டு முறை விரிசல் விட்டது. நுழைவாயில் படிபோல இருந்ததால் குண்டு அங்கேயே வேகமிழந்தது. 0.4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டை ரிவெட் செய்து பலகையோடு படிய வைத்ததும் ஏறுகிறது.

மட்டைக்கு வெளியே குண்டு நழுவி விழும் இடது வெளிவழி இன்னும் அதிக அகலமாக இருக்கிறது. அங்குள்ள தூணுக்கு 4 மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகள் போட்டாயிற்று. நடுத்துளையில் வைத்து அடுத்த ஐம்பது ஆட்டங்களை எண்ணப் போகிறோம்.