மூன்று இடங்களில் நின்ற நிறுவல்: வெள்ளவத்தை வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அப்பா பயன்படுத்தும் மேசைக்கணினி, இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலியும் டிடிஆர்3 வகையைச் சேர்ந்த 4 ஜிபி ராம் (நினைவக) அட்டைகள் இரண்டும் கொண்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கின்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இந்தக் கணினியில் இல்லை. செயலியும் ஏற்கப்படும் பட்டியலுக்குள் வருவதில்லை. கடிதம் எழுதவும் செய்தி வாசிக்கவும் வெளிநாட்டிலுள்ள உறவினருடன் பேசவும் போதுமான ஒரு கணினியை அதற்காக வீசிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டதும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கக்கூடியதுமான லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவத் தீர்மானித்தேன்.

தொடங்குவதற்கு முன்பாகப் பழைய வன்தட்டிலிருந்த குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுத்தேன். பின்னர் பழைய வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் புதிய எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்தினேன். நிறுவற் கோப்பைக் கொட்டாஞ்சேனையில் மச்சானின் மடிக்கணினியில் தரவிறக்கி, அதன் ஷா256 சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறி) வெளியீட்டாளர் தந்த தொகையுடன் ஒத்துப்போவதை உறுதிசெய்த பிறகே பென்டிரைவில் எழுதினேன்.

முதல் முயற்சி தொடக்கத்தில் ஒழுங்காகவே சென்றது. மொழியைத் தெரிவுசெய்து, வரைபடத்தில் கொழும்பைச் சுட்டி, வட்டு முழுவதையும் பயன்படுத்த அனுமதித்தேன். கோப்புகள் பிரதியாகிக்கொண்டிருந்தபோது, பாதியைத் தாண்டுவதற்கு முன்பே உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, எண் 5 என்ற பெட்டி திரையில் தோன்றி நிறுவல் நின்றுவிட்டது. வட்டு பழுதடைந்திருக்கலாம், சீடியைத் துடைத்துப் பார்க்கவும், வன்தட்டு பழையதா எனப் பார்க்கவும், கணினியைக் குளிரான இடத்துக்கு மாற்றிப் பார்க்கவும் என்று அந்தப் பெட்டியே ஆலோசனையும் கூறியது. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் வாசித்ததால் கடைசி ஆலோசனை எனக்குப் பொருத்தமாகவே பட்டது. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மின்விசிறியை அதன் முகமாகத் திருப்பிவைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை தொடங்கிய சில நிமிடங்களிலேயே நின்றது.

செய்தி வட்டையே குற்றம் சாட்டியதால் அடுத்த இரண்டு மாலைகளையும் வட்டிலேயே செலவிட்டேன். பென்டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ் மின்டில் எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்துப் பார்த்தபோது, பழுதான பகுதிகளின் எண்ணிக்கையும், கேபிள் பழுதானால் உயரக்கூடிய 199ஆம் இலக்கப் பிழை எண்ணிக்கையும் பூச்சியமாகவே இருந்தன. ஆயினும் வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், தாய்ப்பலகையில் வேறு துளையில் செருகினேன், பென்டிரைவையும் மாற்றினேன். மூன்றாம் முயற்சி ஏறக்குறைய முடிவுவரை போய், மொழித் தொகுப்புகள் நிறுவப்படும் கட்டத்தில் நின்றது.

ஒவ்வொரு முயற்சியும் எங்கே நின்றது என்பதைக் கொப்பியொன்றில் குறித்துக்கொண்டு வந்தேன். பாதிக்கு முன், தொடக்கத்தில், முடிவுக்கருகில் என்ற அந்த மூன்று வரிகளையும் ஒன்றாக வைத்து வாசித்தபோதுதான் என் சந்தேகம் திசைமாறியது. வட்டில் ஓரிடம் பழுதாகியிருந்தால், அதே கோப்பை அதே வரிசையில் எழுதும் நிறுவல் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். பென்டிரைவில் பிழை இருந்தாலும் அப்படித்தான். பிழையே இடம் மாறுகிறதென்றால், தரவு தங்கியிருக்கும் இடத்தைவிட அது கடந்துபோகும் வழியைச் சந்தேகிப்பதே நியாயம் என்று எனக்குப் பட்டது.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் பதிவைத் திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டியைப் பற்றி அதில் ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை விரிக்க முடியவில்லை, தரவு சிதைந்திருக்கலாம் என்ற வரிகளே திரும்பத் திரும்ப வந்தன. லினக்ஸ் மின்டின் முழு உள்ளடக்கமும் பென்டிரைவில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வகையில் சுருக்கப்பட்ட ஒரே பெரிய கோப்பாக இருக்கிறது. நிறுவல் என்பது அதை விரித்து வட்டில் எழுதுவதே. அந்தக் கோப்பின் ஷா256 தொகையை எங்கள் கணினியில் கணக்கிட்டேன். நினைவகத்தில் தங்கிவிட்ட பிரதியையே கணினி மறுபடி வாசித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தற்காலிகச் சேமிப்பை அகற்றிவிட்டு, இரண்டாம் முறையும் கணக்கிட்டேன். முதல் முறை 3 என்று தொடங்கிய தொகை இரண்டாம் முறை 8 என்று தொடங்கியது. யூஎஸ்பி துளையை மாற்றியபோது மூன்றாவது தொகையொன்று வந்தது. அதே பென்டிரைவை மச்சானின் மடிக்கணினியில் செருகியபோது மூன்று தடவையும் ஒரே தொகை கிடைத்தது. மாறாத கோப்பொன்றுக்கு மாறும் தொகை கிடைக்கிறதென்றால், வாசிக்கும் தரவெல்லாம் கடந்துபோகும் ராமைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

அதுவரை கணினி எப்படி இயங்கியது என்ற கேள்வியை மச்சான் கேட்டார்; நியாயமான கேள்வி. அப்பாவின் அன்றாட வேலை நினைவகம் முழுவதையும் நிரப்புவதில்லை. நிறுவலின்போது பெரிய கோப்பை வாசிக்க வாசிக்க, வெறுமையாக இருக்கும் நினைவகத்தையெல்லாம் லினக்ஸ் தற்காலிகச் சேமிப்பாகப் பயன்படுத்துவதால், பழுதான மூலையும் பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. மேலும், சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டால் ஓர் எழுத்து மாறுவதோடு போய்விடும். சுருக்கப்பட்ட தரவில் ஒரு பிட் புரண்டால் அந்தத் துண்டு முழுவதும் விரியாமல் போகும். கடந்த ஆண்டு முழுவதும் அவ்வப்போது தோன்றிய விண்டோஸின் நீலப் பிழைத் திரைகளை நாங்கள் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்றே எண்ணியிருந்தோம்.

நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை இன்னொரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். இருபது நிமிடங்கள் வரை பிழை எதுவும் இல்லை. பிறகு ஒன்று, உடனே பதினேழு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது முந்நூற்றுக்கு மேல். ராம் அட்டைகளைக் கழற்றி விளக்கொளியில் பிடித்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய தொடுமுனைகள் ஓர் அட்டையில் மங்கி, ஓரத்தில் பழுப்புப் படர்ந்திருந்தன. கடற்கரை ரயில் பாதைக்கு அருகிலுள்ள வீடு எங்களுடையது. உப்புக்காற்றில் யன்னல் கம்பியே துருப்பிடிக்கும் இடத்தில் இது வியப்பில்லை. மென்மையான அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பொருத்தியதும் பிழைகள் பதினொன்றாகக் குறைந்தன. நூறு என்ன, ஒன்று இருந்தாலும் அந்த நினைவகத்தை நம்ப முடியாது.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணாவிடம் இதைக் கூறியபோது அவர், "தம்பி, ரெண்டையும் ஒண்டாப் போட்டுப் பாக்காதீங்கோ. ஒண்டொண்டா, ஒரே ஸ்லொட்டில போட்டுப் பாருங்கோ. பிறகு ஸ்லொட்டை மாத்துங்கோ" என்றார். நான்கு சோதனைகள், ஒவ்வொன்றும் ஓர் இரவு. முனை மங்கியிருந்த அட்டை எந்தத் துளையில் இருந்தாலும் பிழை தந்தது. மற்றையது இரு துளைகளிலும் தூய்மையாக இருந்தது. ஆகவே தாய்ப்பலகையில் குறையில்லை. அந்த நான்கு இரவுகளையும் செலவிடாமல் இரண்டு அட்டைகளையும் மாற்றியிருந்தால், எது பழுது என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

நல்ல அட்டையை மட்டும் வைத்து, 4 ஜிபியுடன் நான்காம் முறையாக நிறுவினேன். இடையில் எங்கும் நிற்கவில்லை. அடுத்த வாரம் அதே அண்ணாவிடம் பாவித்த டிடிஆர்3 அட்டையொன்றை வாங்கி, அதையும் ஓரிரவு முழுவதும் சோதித்த பின்னரே நிரந்தரமாகப் பொருத்தினேன்.

என்னை இன்னும் கலங்க வைப்பது வேறொன்று. தொடங்குவதற்கு முன் நான் எடுத்த பிரதியும் அதே பழுதான ராம் வழியாகத்தானே போனது? அலமாரியிலிருந்த பழைய வன்தட்டை எழுத முடியாதபடி வாசிப்புக்கு மட்டும் இணைத்து, ஏறக்குறைய 11,000 கோப்புகளின் சரிபார்ப்புத் தொகைகளை வெளி வன்தட்டிலுள்ள பிரதிகளின் தொகைகளுடன் ஒப்பிட்டேன். அளவும் திகதியும் எல்லாவற்றிலும் ஒத்திருந்தன. உள்ளடக்கம் நான்கில் வேறுபட்டது. ஒன்று, அக்காவின் திருமணத்தில் அம்மம்மா ஆரத்தித் தட்டை ஏந்தி நிற்கும் படம். பிரதியில் அவருடைய தோள்வரை தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். மூலப் படத்தில் தட்டும் சுடரும் கையின் வளையல்களும் அப்படியே இருந்தன. நான்கையும் மறுபடி பிரதி செய்து, மறுபடி ஒப்பிட்டேன். ஒத்துவந்தன. பழைய வன்தட்டை இன்னும் அழிக்கவில்லை.