தீ எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொடுக்க ஆளில்லை

2024 ஏப்ரல் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் எரிந்த தீ எங்கள் தெருவுக்கு மேலே உள்ள கொட்டகைகள் வரை இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கறவை மாடும் மூன்று ஆடுகளும் போயின. அதற்கான நிவாரணத்துக்கு அவரோடு அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்த மாசி, பங்குனிக்குள் காட்டோரம் மாடு வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தை மாத உறைபனியில் கருகும் புல் பங்குனியில் சருகாகிவிடும். அதோடு பைன் ஊசியும் தைல மரப் பட்டையும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அன்றைக்குச் சாயங்காலம் காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் தெருவே கொட்டகைகளுக்கு ஓடியது. மேட்டில் ஏறும் தீயை யாரும் ஓடி ஜெயிக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 உயிர்களைக் கொடுத்துத்தான் அதை நாடே தெரிந்துகொண்டது. அதனால் மாடு, குதிரை எல்லாவற்றையும் பக்கவாட்டில் இறக்கி, பூண்டு பிடுங்கி வெறும் மண்ணாகக் கிடந்த வயலில் கொண்டுபோய் நிறுத்தினோம். எரிய எதுவும் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அக்காவின் மாடும் அங்கே வந்து சேர்ந்ததுதான். ஆனால் மாட்டுக்குப் பயம் வந்தால் பழகிய கொட்டகையைத்தான் தேடும். புகைக்குள் திரும்பி ஓடியது. பிடிக்கப் போன அக்காவை இரண்டு பேர் இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. விலங்கை வெளியே ஓட்டியதும் கொட்டகைப் படலை இழுத்துச் சாத்துங்கள். அது ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, நைலான் கயிறு. கீழ்வீட்டுத் தாத்தாவின் பொதிகுதிரைக்கு முகக்கயிறு நைலான். சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. கோடையில் மட்டுமாவது பருத்திக் கயிறோ தோல் வாரோ போடுங்கள். தீக்காயத்தில் எண்ணெய், மஞ்சள், சேறு எதையும் பூசாமல் குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். குளம்பில் பட்ட சூடு அன்றைக்குத் தெரியாது, நாள் கழித்துத்தான் நொண்டும் என்றார். தாத்தாவின் குதிரை அப்படியே நொண்டியது. முன்னாலேயே சொல்லியிருந்ததால் பொதி ஏற்றாமல் நிறுத்தியிருந்தார், பிழைத்துக்கொண்டது.

விடிந்ததும் இளைஞர்கள் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இடி விழுந்து மாட்டைப் பறிகொடுத்த அனுபவம் உள்ள ஒரு பெரியப்பா ஓடிவந்து தடுத்தார். "பிரேதப் பரிசோதனை ஆகாம மண்ணு தள்ளாதீங்கப்பா, அப்புறம் ஒரு பைசா வராது." அவர் சொன்னது அத்தனையும் சரி. கால்நடை அவசர உதவி எண் 1962க்குக் கூப்பிட்டோம். ரோடு மறித்திருந்ததால் மருத்துவர் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை சாக்கு போட்டு மூடி, நாய் அண்டாமல் மாறி மாறிக் காவல் இருந்தோம். காதில் இருந்த பன்னிரண்டு இலக்க வில்லை தெளிவாகத் தெரியும்படி, அக்காவையும் பக்கத்தில் நிற்கவைத்து, தேதியும் இடமும் பதியும் செயலியில் படம் எடுத்தோம். இந்தப் படங்களை எல்லா மேசையிலும் கேட்டார்கள்.

அப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, குதிரைக்கும் காளைக்கும் 32,000. தொகை விஷயத்தில் குழப்பமே இல்லை. தீ பிடித்ததற்குச் சான்று வாங்குவதில்தான் சிக்கினோம்.

முதலில் போன வனத்துறை அலுவலகத்தில், தீ பட்டா நிலத்தில் ஆரம்பித்தது, காட்டில் இல்லை, அதனால் கடிதம் தர முடியாது என்றார்கள். அடுத்துப் போன தீயணைப்பு நிலையத்தில், எங்கள் வண்டி உங்கள் ஊருக்கு வந்து அணைக்கவில்லையே, நாங்கள் வராத தீக்கு எப்படி அறிக்கை எழுதுவது என்று கேட்டார்கள். வண்டி வராததற்குக் காரணமே ரோடு மறித்திருந்ததுதான். மூன்றாவது இடத்தில் இருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அந்த இரண்டு கடிதமும் இல்லாமல் மனுவை வாங்க மாட்டேன் என்று தள்ளிவிட்டார். மலையே எரிந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. ஒரு தாளில் எழுதித்தர ஆள் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அக்கா அழுதது எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை.

வழி வானத்திலிருந்து கிடைத்தது. பூமியில் எங்கே சூடு அதிகமோ அதைச் செயற்கைக்கோள் பார்த்துப் புள்ளி வைக்கும். நாசாவின் ஃபிர்ம்ஸ் (FIRMS) இணையதளத்தில் பழைய தேதியைப் போட்டும் தேடலாம், காசு கிடையாது. இந்திய வன அளவை நிறுவனமும் இதே தகவலை வைத்துத்தான் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. கைபேசி எண்ணைப் பதிந்தால் நமக்கே குறுஞ்செய்தி வரும். அன்றைய தேதியைப் போட்டதும் எங்கள் சரிவில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன, நேரத்தோடும் அட்சரேகை தீர்க்கரேகையோடும். ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும், ஆகவே கொட்டகை வரை துல்லியமாகக் காட்டாது. ஆனால் அந்தச் சரிவில் அந்த நாளில் தீ இருந்தது என்று காட்டப் போதும்.

அதை அச்செடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். நேரில் ஏறி வந்து கொட்டகைச் சாம்பலைப் பார்த்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டு, நேரில் பார்த்ததைச் சாட்சிகளோடு பதியும் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று, படங்கள், செயற்கைக்கோள் அச்சு எல்லாம் சேர்ந்து போனபோது அதே எழுத்தர் மனுவை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார். முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்காமல் எந்த மேசையை விட்டும் நகராதீர்கள். பிறகு ஆதாரில் ஓர் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் வேறு இனிஷியல் என்று ஒரு தடை வந்தது. வங்கியில் திருத்தியதும் தீர்ந்தது.

மாட்டுக்கும் ஓர் ஆட்டுக்கும் சேர்த்து 41,500 ரூபாய் அக்காவின் கணக்கில் விழுந்தது. மறுநாளே எங்கள் வீட்டுக்குச் சீம்பால் கொடுத்துவிட்டார், தங்கை வீட்டுப் பசுவினுடையதாம்.

மற்ற இரண்டு ஆடுகள் உடலே கிடைக்காமல் எரிந்துபோயின. பரிசோதனைச் சான்று இல்லை என்று அவற்றை நீக்கிவிட்டார்கள். அவை இருந்ததற்கு மகஜரில் சாட்சி இருக்கிறது, தீக்கு முந்தைய பொங்கலுக்கு எடுத்த படமும் இருக்கிறது. இரண்டையும் வைத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனு எண் அக்காவின் பையில் பத்திரமாக இருக்கிறது. பதில் வரும்வரை திங்கள்கிழமைகளில் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.