உண்ட புரதமும் உடலின் புரதமும்

உண்ட புரதம் நேரே போய்த் தசையில் சேர்ந்துவிடும் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். செரிமானத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அநேகமாக எந்தப் புரதத்தையும் உடல் அதன் பழைய அடையாளத்தோடு உள்ளே விடுவதில்லை என்று புரிந்தது. இன்சுலினை விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. புரதங்களின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் 51 சேர்ந்து உருவான அந்தச் சிறு புரதத்துக்கும் குடலில் உணவுக்கு நேரும் கதியே நேரும்.

இரைப்பையின் அமிலம் புரதத்தின் மடிப்புகளைக் குலைக்க, பெப்சின் என்னும் செரிமான நொதி அந்த இழைகளை ஆங்காங்கே வெட்டுகிறது. பெரும்பகுதி வேலை சிறுகுடலில்தான் நடக்கிறது. அங்கே என்னை மிகவும் வியக்கவைத்தது கணையத்தின் முன்னெச்சரிக்கை. கணையமும் புரதத்தால் ஆனதுதான். ஆகவே புரதத்தை அறுக்கும் நொதிகளை அது செயலற்ற வடிவில்தான் தயாரித்து அனுப்புகிறது. அவற்றுள் ஒன்றான டிரிப்சினோஜன் சிறுகுடலை அடைந்ததும், குடற்சுவரில் உள்ள ஒரு நொதி அதன் முனையிலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கி அதை டிரிப்சினாக மாற்றுகிறது. அந்த டிரிப்சின் கணையத்திலிருந்து வந்த மற்ற நொதிகளையும் எழுப்பிவிடுகிறது. இந்த விழிப்பு கணையத்துக்குள்ளேயே நேர்ந்துவிட்டால் அந்த உறுப்பு தன்னையே அரித்துக்கொள்ளும். கடும் கணைய அழற்சியில் நேர்வது இதுதான்.

வெட்டுப்பட்டவை தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளாகவும் குடற்சுவரின் செல்களுக்குள் நுழைகின்றன. துணுக்குகளும் அங்கே பெரும்பாலும் உடைக்கப்பட்டு, இரத்தத்தோடு முதலில் கல்லீரலுக்குப் போகின்றன.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பேன். 1930களில் உயிர்வேதியியலாளர் ருடால்ஃப் ஷோன்ஹைமர், கனமான நைட்ரஜன் அணுவை அடையாளமாக ஏற்றிய லூசின் என்ற அமினோ அமிலத்தை, வளர்ச்சி முடிந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வளராத உடலுக்குப் புதுப் புரதம் எதற்கு, வந்த நைட்ரஜன் எல்லாம் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் அந்த நைட்ரஜனில் பாதிக்கும் மேற்பட்டது எலிகளின் திசுப் புரதங்களில் சேர்ந்திருந்தது. எடை மாறாமல் இருக்கும் உடலும் ஓயாமல் தன்னை உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. வளர்ந்த மனிதரின் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் புரதம் இவ்வாறு உடைந்து மீண்டும் கட்டப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ, கிலோவுக்கு 0.8 கிராம் வீதம், 48 கிராம்தான். நம் அமினோ அமிலங்களில் பெரும்பங்கு நம்மிடமிருந்தே வருகிறது. உணவு ஈடுசெய்வது கழிவை மட்டுமே.

கொழுப்பைப் போல் அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்க உடலில் தனிக் கிடங்கு கிடையாது. மிஞ்சியவற்றின் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடுகிறது. எஞ்சிய பகுதி எரிபொருளாகிறது, அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது. இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தாலும், புரதக் கட்டுமானம் அந்த ஒன்றின் அளவோடு நின்றுவிடும். இதைக் கேட்டு ஒவ்வொரு வேளைத் தட்டிலும் ஒன்பதும் இருந்தாக வேண்டுமோ என்று கவலைப்படுவோர் உண்டு. செல்களிலும் இரத்தத்திலும் எப்போதும் ஓரளவு அமினோ அமிலங்கள் சுழன்றுகொண்டே இருப்பதால், அவை ஒரு நாளின் வெவ்வேறு வேளைகளில் வந்து சேர்ந்தாலும் போதும்.