ஈசூனில் ஓர் அறை

ஜூலை 8, 2023, சனி

சிங்கப்பூரில் வாடகை அறை கேட்பது இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. அறை காலியாக இருக்கிறதா என்று முகவரை அழைத்தேன். பெயரையோ வேலையையோ கேட்கவில்லை. "நீங்கள் இந்தியரா?" என்றார். ஆமென்றேன். "வீட்டுக்காரர் இந்தியருக்குக் கொடுப்பதில்லை. சமையல் வாசனை ஒத்துவராதாம்." நான் அடுப்பைத் தொட்டு எட்டு மாதமாகிறது, மூன்று வேளையும் உணவங்காடிதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஜூலை 10, திங்கள்

கோபம் அடங்கவில்லை. இனத்துக்கு இனம் ஒதுங்கி வாழக் கூடாது என்று, வீவக எனப்படும் அரசு அடுக்குமாடிகளில் 1989 முதல் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. அதனால்தான் ஒரே மின்தூக்கியில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஏறி இறங்குகிறோம். உள்ளறையை யாருக்கு விடுவது என்பது மட்டும் வீட்டுக்காரர் மனம்.

ஜூலை 15, சனி

எழுதக் கூசுகிறது; எழுதியே ஆக வேண்டும்.

மதுரையில் எங்கள் மாடி வீட்டைக் கேட்டு யார் வந்தாலும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றுதான் அம்மா தொடங்குவார். 2019இல் ஒரு வங்கி ஊழியர் வந்தார். இஸ்லாமியர். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்திருந்தார்கள். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். குழந்தை மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் தொலைபேசியில், "வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்று பொய் சொன்னவன் நான். "பரவாயில்லை தம்பி" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றிரவு அம்மாவிடம் பேசினேன். "இனி வருகிறவரிடம் வேலையைக் கேளுங்கள், வாடகை ஒழுங்காகத் தருவாரா என்று பாருங்கள். அது போதும் அம்மா." நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார். நாளையும் பேசுவேன்.

ஜூலை 21, வெள்ளி

இன நல்லிணக்க நாள். 1964இல் இதே தேதியில் வெடித்த கலவரத்தை மறக்காமல் இருக்க 1997 முதல் பள்ளிகளில் கடைப்பிடிக்கிறார்கள். காலை ரயிலில் பாவாடை சட்டை அணிந்த சீனச் சிறுமி ஒருத்தி, பொட்டு விழுந்துவிடாமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஈசூனில் அறை பார்த்தேன். முகவர் இல்லை, தனியாக வாழும் சீனப் பாட்டியே கதவைத் திறந்தார். ஏர்கானை எத்தனை மணி நேரம் போடுவாய், இரவு எப்போது வருவாய், புகைபிடிப்பாயா என்று கேள்வி மேல் கேள்வி. முன்பு இருந்தவர் பகலெல்லாம் ஏர்கானை ஓடவிட்டு மின்கட்டணத்தை ஏற்றிவிட்டாராம். அவர் எந்த நாட்டுக்காரர் என்று பாட்டி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்து, ஒரு மாத முன்பணத்தை எண்ணி வைத்தேன்.