புளோரன்சின் பேராலயமும் ஒரு பாடலும்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரின் கலையையும் இசையையும் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஓவியங்களில் தொடங்கிய நான் இப்போது ஒரு பாடலில் நின்றுவிட்டேன். 1420இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, தரையிலிருந்து தாங்குசாரம் எழுப்பாமலேயே, செங்கற்களை மீன்முள் வடிவில் பின்னி உயர்த்தத் தொடங்கிய பேராலயக் குவிமாடம் ஏறத்தாழ முடிந்திருந்த வேளையில், 1436 மார்ச் 25 அன்று திருத்தந்தை (போப்) நான்காம் யூஜின் அவ்வாலயத்தை இறைவழிபாட்டுக்கென அர்ச்சித்தார். அந்நாளுக்கென இசையமைப்பாளர் கியோம் டுஃபே நான்கு குரல்களுக்கு இயற்றிய பாடலில், அடித்தள மெட்டு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு கால அளவில், 6:4:2:3 என்ற விகிதத்தில் வருகிறது. குவிமாடத்தின் அளவுகளே இவை என்று முன்பு ஓர் ஆய்வாளர் வாதிட்டார் (கேட்க அழகாகத்தான் இருந்தது). ஆனால் விவிலியம் கூறும் சாலமோன் ஆலயத்தின் 60, 40, 20, 30 முழங்களையே இவ்விகிதம் குறிக்கிறது என்ற பிற்கால விளக்கம்தான் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. வெறுமனே கேட்டபோது பிடிபடாத இந்தக் கணக்கு, இசைக்குறிப்பைப் பார்த்துத் தாளமிட்டபோது, மூன்றாம் பகுதியின் விரைவில் தெளிவாகப் புலப்பட்டது.